அதிகம் சுரக்கும் தைரொயிட்: எந்தக் குளிசையை எப்போது போடுவது?

திருகோணமலை பாலையூற்றில் இருக்கும் என் பெரியம்மா மூன்று மாதமாக விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ஒரு மிடறு தண்ணீரோடு குளிசையைப் போட்டுவிட்டு, ஆறு மணி வரை தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இருந்தார். அந்த ஒரு மணி நேரம் அவருக்குப் பெரிய பாடு. தைரொயிட் அதிகமாகச் சுரக்கும் உடம்புக்குப் பசி சும்மா வராது, வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வரும். கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. அவரும் 'தைரொயிட் குளிசை' போடுபவர்தான், பத்து வருடப் பழக்கம்.

கிளினிக்குப் போவதற்கு முதல் நாள் இரவு குளிசை உறையைக் கொட்டி எண்ணிப் பார்த்தேன். ஒரு மாதக் கணக்கில் ஒன்பது நாளுக்கான குளிசைகள் மிச்சம். கேட்டதற்கு, "அது பிள்ளை, சில நாளைக்குத் தேத்தண்ணி குடிச்சாப் பிறகுதான் நினைவு வரும். வெறும் வயிறு இல்லாட்டிப் போடக்கூடாதுதானே, அதான் விட்டிட்டன்" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா போடுவது தைரொக்சின். பெரியம்மாவுக்குக் கொடுத்தது கார்பிமசோல். ஒன்று சுரப்பு குறைந்தவருக்குக் கொடுக்கும் மருந்து, மற்றது சுரப்பு மிஞ்சியவருக்குக் கொடுப்பது. இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர்: தைரொயிட் குளிசை. இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் ஒரு குளிசையின் விதி இன்னொன்றின் தலையில் ஏறி, கடைசியில் மாதத்தில் ஒன்பது நாள் மருந்தே இல்லாமல் போனது. பெரியம்மா கவனயீனமானவர் இல்லை. மிகக் கவனமாக, தவறான விதியைக் கடைப்பிடித்தார்.

தைரொக்சினுக்கு ஏன் வெறும் வயிறு வேண்டும்? அது குடலில் உறிஞ்சப்படும்போது லேசில் தடைபட்டுப் போகும் மருந்து. சாப்பாடு, கோப்பி, கல்சியம் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை, சோயா எல்லாமே அதன் வழியை மறிக்கும். அதனால்தான் காலை உணவுக்கு அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் முன்பு என்றும், கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி என்றும் சொல்கிறார்கள். கார்பிமசோலுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. உள்ளே போனதும் அது மெதிமசோல் என்ற பொருளாக மாறி, நன்றாகவே உறிஞ்சப்படும். சாப்பிட முன்பும் போடலாம், பின்பும் போடலாம். ஆரம்பத்தில் சிலருக்குக் குமட்டும், வயிற்றைப் பிரட்டும். அப்படியானவர்கள் சாப்பாட்டோடு போட்டால் சுகம். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடித்த கையோடு போட்டாலும் மருந்து தன் வேலையைச் செய்யும்.

அது செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் நேரக் கணக்கும் தானாக விளங்கும்.

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைரொயிட் சுரப்பி, இரத்தத்தில் வரும் அயடீனைப் பிடித்து, புரதத்தில் கோத்து, ரி-4, ரி-3 என்ற இரண்டு ஹோர்மோன்களைச் செய்கிறது. செய்ததை உடனே வெளியே விடாது. உள்ளே சேமித்து வைத்து, தேவைக்கு அவிழ்த்துவிடும். சாதாரணமான ஒருவரின் சுரப்பியில் இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமான இருப்பு இருக்கும். கார்பிமசோல் தடுப்பது அந்தக் கோக்கும் வேலையை மட்டும்தான். ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதை அது தொடாது. தம்பலகாமத்தில் ஒரு வீட்டில் இந்தப் போகம் விதைக்கவில்லை என்று வையுங்கள். போன போகத்து நெல் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும்வரை அந்த வீட்டு அடுப்பில் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும். வெளியே வந்துவிட்ட ரி-4கூட உடனே மறைவதில்லை. சாதாரண உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் எடுக்கும்.

அதனால்தான் முதல் கிழமையில் ஒரு மாற்றமும் தெரியாது. இரண்டு மூன்று கிழமையில் கொஞ்சம் தெரியும். நான்கு தொடக்கம் எட்டுக் கிழமையில்தான் உடம்பு உண்மையாகவே அடங்கத் தொடங்கும். "இந்தக் குளிசை எனக்குச் சரிவரயில்லை" என்று பத்தாம் நாள் நிறுத்துகிறவர்கள் பலர். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று பத்தாம் நாளில் யாராலும் சொல்ல முடியாது.

சரி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை? மெதிமசோல் இரத்தத்தில் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும். ஆனால் சுரப்பிக்குள் அது போய்ச் சேர்ந்து தங்கிவிடுகிறது. ஒருமுறை போட்டால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க அதன் பிடி இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு ஒரு தடவை போட்டாலே பெரும்பாலானோருக்குப் போதும். ஆரம்பத்தில், நோயின் கடுமையைப் பொறுத்து, நாளுக்கு 15 தொடக்கம் 40 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். 5 மில்லிகிராம் குளிசை என்றால் ஆறு, எட்டு என்று கையில் குவியும். அப்போது வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. பிறகு அளவு 5 முதல் 15 மில்லிகிராமுக்கு இறங்கும்போது ஒரே வேளையாக்கிவிடுவார்கள்.

காலையா இரவா? எதுவும் சரிதான். உங்கள் வீட்டில் ஒருநாளும் தப்பாத வேலை எதுவோ, அதோடு கட்டிவிடுங்கள். பெரியம்மா பின்னேரம் சாமிப்படத்துக்கு விளக்கேற்றாமல் இருந்ததில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று ஆனதும் குளிசைப் போத்தலை விளக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். விளக்குக்குக் கிட்ட வைத்தால் சூடு படும் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இப்போது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மே மாதம் தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும்போது திருகோணமலை வீடுகளுக்குள் இருக்கும் வெக்கையை நினைத்தால், குளிசையை யன்னல் ஓரத்திலோ குசினி அடுப்புக்கு மேலேயோ வைக்கவே கூடாது. ஈரமும் ஆகாது. குளிரான, காய்ந்த இடம் வேண்டும்.

அந்தக் கச்சான் வெக்கைதான் பெரியம்மாவின் நோயையும் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தது. வியர்த்தது, வெயில் என்றோம். நித்திரை வரவில்லை, புழுக்கம் என்றோம். மெலிந்தார், மாதவிடாய் நிற்கிற வயது என்றோம். கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிய அன்றுதான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 118. நிழலில் பத்து நிமிடம் இருத்தி வைத்த பிறகும் 112.

இந்த நெஞ்சடிப்புக்குத்தான் இரண்டாவது குளிசை: புரொப்பிரனலோல். உண்மையாக நேரம் பார்த்துப் போடவேண்டியது இதைத்தான். இது தைரொயிட் சுரப்பைக் குறைப்பதற்காகக் கொடுப்பதல்ல. மிஞ்சிய ஹோர்மோன் இதயத்தையும் நரம்பையும் உலுப்பாமல் ஒரு தடுப்புப் போடுகிறது. போட்ட ஓரிரு மணி நேரத்தில் கை நடுக்கம் குறையும், நாடி இறங்கும். ஆனால் மூன்று தொடக்கம் ஆறு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதனால் சாதாரணக் குளிசையை நாளுக்கு மூன்று, சிலருக்கு நாலு தடவை போடவேண்டும். காலையில் ஒன்று போட்டுவிட்டு மத்தியானத்ததை மறந்தால், பின்னேரம் நாலு மணிக்கு நெஞ்சு திரும்ப அடிக்கத் தொடங்கும்.

கார்பிமசோல் கிழமைக் கணக்கில் வேலை செய்கிறது, புரொப்பிரனலோல் மணிக் கணக்கில். ஒரே உறைக்குள் போட்டு, 'காலையும் இரவும்' என்று இரண்டையும் ஒன்றாக்கிப் போடுகிறவர்கள் புரொப்பிரனலோலின் பாதிப் பயனை இழக்கிறார்கள்.

கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தால் எது எத்தனை வேளை என்று எழுதியிருக்கும். ஆங்கில எழுத்துப் போலிருக்கும் அவை லத்தீன் சுருக்கங்கள். 'மேனே' என்றால் காலையில். 'நொக்டே' என்றால் இரவில். 'பி.டி.' நாளுக்கு இரண்டு தடவை. 'ரி.டி.எஸ்.' மூன்று தடவை. விளங்காவிட்டால் மருந்து கொடுக்கும் இடத்தில் நின்று கேளுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கும், கூச்சமாகவும் இருக்கும். ஆனாலும் கேளுங்கள். அங்கேயே உறையின் மேல் தமிழில் 'காலை, மத்தியானம், இரவு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

புரொப்பிரனலோல் பற்றி இன்னும் மூன்று விடயம். இழுப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்து. மூச்சுக்குழாயை இறுக்கும். வைத்தியர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்கக்கூடாது. இன்சுலின் அல்லது சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு, சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் நெஞ்சடிப்பையும் இது மறைத்துவிடும். மூன்றாவது, நெஞ்சடிப்பு நின்றுவிட்டது என்று ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். இரவு போட்டால் கெட்ட கனவு வருகிறது என்று சிலர் சொல்வார்கள். அது மருந்தின் தெரிந்த குணம்தான், வைத்தியரிடம் சொன்னால் நேரத்தை மாற்றியோ வேறு மருந்து தந்தோ உதவுவார்.

இன்னொரு மருந்தும் இருக்கிறது, பி.ரி.யு. என்று சொல்வார்கள். அதன் வீரியம் ஓரிரு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆகவே இரண்டு மூன்று வேளையாகப் போட்டே ஆகவேண்டும். அரிதாக ஈரலைக் கடுமையாகத் தாக்கும் என்பதால் எல்லோருக்கும் முதலில் கொடுப்பதில்லை. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இதைத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் கார்பிமசோல் குழந்தையின் உறுப்புகள் உருவாவதைப் பாதிக்கலாம். கார்பிமசோல் போடும் பெண் குழந்தைக்கு ஆயத்தமாகிறார் என்றால், அதை அடுத்த கிளினிக்கில் முதல் பேச்சாகச் சொல்லவேண்டும். நாள் தள்ளிப்போனால் அடுத்த கிளினிக் திகதி வரைகூடக் காத்திருக்காமல் போகவேண்டும். குளிசையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, கேட்காமல் தொடர்வதும் ஆபத்து. பாலூட்டும் தாய்மாருக்குக் குறைந்த அளவில் கொடுக்கலாம். பால் கொடுத்து முடித்த கையோடு குளிசையைப் போடச் சொல்வார்கள்.

மறந்துபோனால்? கார்பிமசோலை அதே நாளில் நினைவு வந்த நேரத்தில் போடலாம், தேத்தண்ணி குடித்திருந்தாலும் சோறு தின்றிருந்தாலும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடரவேண்டும். இரண்டு வேளைக்கு உரியதை ஒன்றாகப் போடக்கூடாது. புரொப்பிரனலோலுக்கும் இதே கணக்கு, அங்கே இரட்டிப்பாகப் போட்டால் நாடி மிகவும் இறங்கித் தலை சுற்றும். ஒரு நாள் கார்பிமசோல் தப்பினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒன்பது நாள் தப்பினால் ஆகும். 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, எங்கள் பக்கத்தில் பலர் கிடைத்த குளிசைகளை ஒன்றுவிட்டு ஒருநாள் போட்டு நீட்டினார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. கார்பிமசோலை அப்படி நீட்டினால் உடனே ஒன்றும் தெரியாது, கிழமைகள் கழித்துத்தான் நடுக்கமும் நெஞ்சடிப்பும் திரும்பும். அதனால் எது காரணம் என்று யாருக்கும் பிடிபடாது.

நோன்பும் விரதமும் இந்த மாவட்டத்தில் எல்லா வீட்டு விடயம். கிண்ணியாவிலும் மூதூரிலும் ரமழான் மாதம், எங்கள் பக்கம் கந்தசஷ்டி, கேதாரகௌரி. ஒரு வேளைக் கார்பிமசோல் நோன்புக்குப் பொருந்தி வருகிற மருந்து. ஸஹர் நேரத்திலோ நோன்பு திறந்த பிறகோ, இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதம் முழுக்க அதே நேரத்தில் போட்டால் போதும். சிக்கல் மூன்று வேளைப் புரொப்பிரனலோலில்தான். மத்தியான வேளையை விட்டுவிட்டு இரவில் சேர்த்துப் போடுவது சரியான வழி இல்லை. நோன்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே கேட்டால், நாளுக்கு ஒரு தடவை போடக்கூடிய, நீண்ட நேரம் நிற்கும் மருந்தாக வைத்தியர் மாற்றித் தர முடியும். நோய் இன்னும் அடங்காதவர்களுக்கு வியர்வையிலேயே உடம்பு வற்றிப்போகும். கோடையில் தண்ணீரும் இல்லாமல் இருப்பது அவர்களுக்கு நல்லதல்ல. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த மார்க்கச் சட்டம்தான். கந்தசஷ்டியில் ஆறு நாளும் தண்ணீர்கூட வாயில் வைக்காமல் இருக்கிற அம்மாமாருக்கும் இதையே சொல்வேன். ஒரு வாய்த் தண்ணீரில் குளிசையை விழுங்கினால் முருகன் கோபிக்க மாட்டார்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான நேரம், குளிசையை நிறுத்தவேண்டிய நேரம். கார்பிமசோல் போடுகிறவர்களில் மிகச் சிலருக்கு, ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரைக்கும், இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் திடீரென்று அடியோடு விழுந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கும். அடையாளம் எளிமையானது: காய்ச்சல், கடுமையான தொண்டை நோ, வாய்ப்புண். இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளைக் கார்பிமசோலைப் போடாமல், அன்றே வைத்தியசாலைக்குப் போய், முழு இரத்தக் கலக் கணக்கு, அதாவது எவ்.பி.சி. பரிசோதனை, செய்யவேண்டும். அணுக்கள் சரியாக இருந்தால் மருந்தைத் திரும்பத் தொடங்கலாம். வழக்கமாக மாதாமாதம் இரத்தம் பார்ப்பதால் இதை முன்கூட்டியே பிடிக்க முடியாது, அவ்வளவு சடுதியாக வரும். காய்ச்சல் வந்த அன்று பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இதில் எங்கள் ஊருக்கு என்று ஒரு தனிக் கவலை. இங்கே காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்றுதான் நினைப்போம். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை மறக்க முடியாது. டெங்குவுக்கும் அதே எவ்.பி.சி.தான் எடுப்பார்கள். டெங்குவிலும் வெள்ளை அணுக்கள் குறையும். ஆகவே அணுக்கள் குறைந்த அறிக்கையைப் பார்த்து, 'வைரஸ் காய்ச்சல், பனடோல் போட்டு நீராகாரம் குடியுங்கள்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட இடமுண்டு. கார்பிமசோல் போடுவது தெரியாத வைத்தியர் அப்படித்தான் நினைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சலுக்கு எந்த வாசலுக்குப் போனாலும், கதவு திறந்ததும் "நான் தைரொயிட்டுக்குக் கார்பிமசோல் போடுறன்" என்பதுதான் முதல் வசனமாக இருக்கவேண்டும். 'தைரொயிட் குளிசை' என்று மட்டும் சொன்னால் தைரொக்சின் என்று நினைத்துவிடலாம். நாங்கள் பெரியம்மாவின் கைப்பையில் மருந்தின் பெயரை எழுதி ஒரு துண்டு வைத்திருக்கிறோம். கண் மஞ்சளாவது, கடும் வயிற்று நோ, உடம்பெல்லாம் தடிப்பு ஆகியவற்றையும் உடனே சொல்லவேண்டும்.

பரிசோதனைக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. தொடக்கத்தில் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்பார்கள். இதற்குச் சாப்பிடாமல் போகத் தேவையில்லை, அன்றைய கார்பிமசோலை நிறுத்தவும் தேவையில்லை. ரி-4, ரி-3 இறங்கிய பிறகும், தைரொயிட்டைத் தூண்டிவிடும் ரி.எஸ்.எச். என்ற ஹோர்மோன் பல மாதம் எழும்பாமல் கிடக்கும். அதைப் பார்த்து 'இன்னும் குறையவில்லை' என்று பயப்படவேண்டாம். அதை அனுப்பும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி நீண்ட நாள் அடங்கிக் கிடந்தது, எழும்ப நேரம் எடுக்கும். இன்னொன்று, தைரொயிட் வருத்தத்தில் முடி கொட்டும். முடி கொட்டினால் மருந்துக்கடையில் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை வாங்கிப் போடுவோம். பயோட்டின் சில ஆய்வுகூட முறைகளைக் குழப்பி, ரி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் ரி-4ஐக் கூட்டியும் காட்டும். நோய் அடங்கியவருக்கும் அடங்காததுபோல அறிக்கை வந்து, வீணாகக் குளிசை கூடும். இரத்தம் கொடுக்கக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

உப்பைப் பற்றியும் கேட்பார்கள், நிலாவெளி உப்பளம் பக்கத்தில் இருக்கிற ஊர் அல்லவா. 1995 முதல் இலங்கையில் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். அதை விட்டுவிட்டு அயடீன் சேர்க்காத உப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை, மீனையும் நிறுத்த வேண்டியதில்லை. கடற்பாசிக் குளிசை, அயடீன் கூடிய சத்து மருந்துகளை மட்டும் தொடவேண்டாம்.

பெரியம்மாவுக்கு கிரேவ்ஸ் நோய் என்று சொன்னார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை விரட்டி வேலை வாங்கும் வகை. இதற்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் கார்பிமசோல் கொடுத்துப் பிறகு நிறுத்திப் பார்ப்பது வழக்கம். ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் திரும்ப வரும். திரும்பினால் மீண்டும் குளிசை, அல்லது கதிரியக்க அயடீன், அல்லது சத்திரசிகிச்சை. கடைசி இரண்டுக்கும் பிறகு பெரும்பாலும் சுரப்பி ஓய்ந்துவிடும், வாழ்நாள் முழுக்கத் தைரொக்சின் போடவேண்டி வரும். அப்படி ஒரு நாள் வந்தால் பக்கத்து வீட்டு அக்காவின் ஐந்து மணி ஒழுங்கு பெரியம்மாவுக்கும் சரியாகும். இப்போதைக்கு அவர் விடிய எழும்பினதும் முதல் வேலையாகத் தேத்தண்ணி குடிக்கிறார். போன கிளினிக்கில் உறையில் ஒரு குளிசையும் மிச்சமிருக்கவில்லை. நாடி 84.